இன்னும் ஈரமுண்டு, சாரே

எந்தப் பொருளையும் அடுத்த வீட்டு நர்ஸம்மா கையால் தொட்டுப் பார்த்து நம்பியதில்லை. கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துவைத்த துண்டு, கொத்தமல்லி, தீப்பெட்டி, அன்றைய செய்தித்தாள், ஒருமுறை என் ஓய்வூதியப் புத்தகம்கூட அந்த வலது கன்னத்துக்குப் போய் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று விநாடி வைத்திருப்பார். நான் எண்ணியிருக்கிறேன், இரண்டுக்குக் குறைந்ததில்லை, நான்கைத் தாண்டியதில்லை. பிறகு தீர்ப்பு வரும்.

"ஈரமுண்டு சாரே."

ஓய்வூதியப் புத்தகத்துக்கும் அதே தீர்ப்புதான். பீரோவிலிருந்து அதை எடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் போன பிறகு நான் அதை மொட்டைமாடியில் விரித்து வைத்து, நாலு மூலையிலும் கல் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதை என் மனைவி இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் எல்லோரும் அவரை நர்ஸம்மா என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் அவர் வருத்தப்பட மாட்டார், அவருடைய மகள் வருத்தப்படுவாள். முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை, அதில் பதினான்கு வருஷம் குவைத்தில். சொந்த ஊர் புதுக்கடைப் பக்கம். ஆரல்வாய்மொழியில் எங்கள் அடுத்த வீட்டுக்கு அவர் குடிவந்தபோது எனக்கு எழுபத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்தொன்று. மூன்று வருஷம் நாலு மாதம் இருந்தார்.

ஒரே மாவட்டம்தான். ஆனால் புதுக்கடையில் மழை இறங்குகிற ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் காற்று இறங்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிற காற்று. காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்து நட்டார்கள்? எங்கள் வீட்டுக் கொடியில் ஜூன் மாதம் ஒரு கைக்குட்டை காயப் பதினொரு நிமிடம். நாலு முழ வேட்டிக்கு இருபத்தாறு நிமிடம். நர்ஸம்மாவின் ஊரில் அதே வேட்டிக்கு மூன்று நாள், மூன்றாம் நாளும் கட்டினால் இடுப்பு குளிரும் என்பார். காய்வதை அவர்கள் பக்கத்தில் உணங்குவது என்று சொல்வார்கள். உணங்காத தலையணையில் படுத்து, உணங்காத சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய், உணங்காத விறகை ஊதி ஊதி வளர்ந்த மனுஷி. உலகத்தில் ஒரு பொருள் முழுக்க உணங்கும் என்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு வந்ததே அதனால்தான். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், ஜன்னல் வழியாக ஒரு வீட்டுக் கொடியில் ஏழு சேலைகள் தரைக்கு இணையாகப் படுத்த வாக்கில் பறப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்து வந்து, அந்தச் சேலைகளில் ஒன்றைப் பிடித்துக் கன்னத்தில் வைத்திருக்கிறார். சேலை என் மனைவியுடையது. அவள் கொல்லைப்புறம் வந்து பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணை மூடி அவளுடைய சேலையில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறார். யார் என்று கேட்டதற்கு, இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று பதில் வந்ததாம்.

குடிவந்தாரே தவிர, காற்றை நம்பவில்லை. காலை எட்டு மணிக்குத் துணியை விரித்தால் எட்டரைக்கு எடுத்துவிட வேண்டும் என்று பலமுறை சொன்னேன். கிடக்கட்டும் என்பார். சாயங்காலம் வரை கிடந்தால் எங்கள் ஊர்க் காற்று சும்மா இருக்குமா? முதல் மாதத்தில் மட்டும் பதினொரு உருப்படிகள் போயின. தலையணை உறை ஒன்று முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு காற்றாலையின் கம்பி வேலியில் சிக்கியிருந்ததை நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். நன்றி சொன்னார். வாங்கிக் கன்னத்தில் வைத்தார். நான் அந்த இடத்தில் நிற்கவில்லை.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த மின்சாரப் பெட்டி. உள்ளே எட்டு வலைத் தட்டுகள், பின்னால் ஒரு சின்ன விசிறி, முன்னால் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. காய், பழம், இலை எதையும் வெட்டி அடுக்கினால் மெல்லிய சூட்டில் காய வைக்கும். புதுக்கடை மழையில் அவருக்கு அது பெரிய துணை. எங்கள் ஊரில் அந்தப் பெட்டியை வைத்திருப்பது கடற்கரையில் உப்பு விற்பது மாதிரி என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

பெட்டியோடு ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. தக்காளி வில்லைக்குப் பத்து மணி நேரம், முருங்கை இலைக்கு மூன்று மணி நேரம் என்று அதில் ஓர் அட்டவணை. அதை நான் ஒரு நோட்டில் பெயர்த்து எழுதி, எதிரே இன்னொரு கட்டம் போட்டு, நர்ஸம்மா உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து வந்தேன். தக்காளி இருபத்தெட்டு. இஞ்சி முப்பது. நெல்லிக்காய் ஐம்பத்திரண்டு. அந்த நெல்லிக்காயில்தான் என் கீழ்வரிசைப் பல் ஒன்று போயிற்று. போன பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் காட்டினேன். நல்லவேளை, அதைக் கன்னத்தில் வைக்கவில்லை.

முருங்கை இலையை ஒன்பது மணி நேரம் ஓடவிட்டார். இலை தூளாகி, தூள் புகையாகி, விசிறி அதை வலைவழியே வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கதவைத் திறந்து வந்தபோது அவருடைய புருவம், சுவரில் தொங்கிய காலண்டர், மின்விசிறி இறக்கை எல்லாம் பச்சை. தட்டில் ஒன்றுமே இல்லை. போனதெல்லாம் ஈரம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேரமாகிவிட்டது என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான். "ஒரு மணிக்கூர் கூட கெடக்கட்டு சாரே." இன்னும் ஒரு மணி நேரமாம்.

இதையெல்லாம் வைத்து அவர் எப்போதும் தவறு என்று எழுதிவிட முடியாது. எழுதத்தான் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து இரண்டு முழு நாள் ஆகியிருந்த நிலையில், பத்தடி தூரத்திலிருந்தே அவர் ஈரமுண்டு என்றார். எதைப் பார்த்தாலும் சொல்கிறவர்தானே என்று நான் நன்றாகச் சாய்ந்து நின்றுகொண்டேன். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து பச்சைக் கோடுகள். ஆராதனை முழுக்க என் பின்னால் இருந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நர்ஸம்மாவிடம் நான் எதைப் பற்றி வாதாடினாலும், அவர் என் முதுகுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். வாதம் முடிந்துவிடும்.

இந்தக் கன்னப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. அதைக் குடிவந்த இரண்டாவது வருஷம்தான் சொன்னார். ஒரே மகள், ஏதோ குளிர்நாட்டில் வேலை. புதுக்கடையில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில், பெட்டியில் காயவைத்த பழத்தை மகளுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது உள்ளே முழுக்கப் பூஞ்சை. அவள் ஆசையாக அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பிரித்திருக்கிறாள். அன்றைக்குப் போனில் அவள் கோபப்படவில்லையாம். அம்மா, இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாளாம். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் நர்ஸம்மா. மெதுவாகச் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இவரும் அனுப்பவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு ஜூன் மாதம் அவள் கேட்டாள்.

அதற்குள் அவள் சமைக்காத உணவு மட்டும் உண்கிறவளாக மாறியிருந்தாள். பச்சையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் காய்ந்ததாக இருக்கலாம். காய வைக்கும் சூடு நாற்பத்தாறு டிகிரியைத் தாண்டக் கூடாது. இது என் மனைவிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவள் கேட்டது வருக்கைச் சக்கை. பலாவைத்தான் சொல்கிறேன். தோவாளையிலிருந்து சர்ச்சுக்கு வருகிற ஒரு பெண் அதே நாட்டுக்குக் கிளம்புகிறாள், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு சர்ச் வாசலிலிருந்தே கார் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்படும், தன் பெட்டியில் அரைக் கிலோவுக்கு இடம் தருவாள்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இந்த ஒரு தடவதான் சாரே. இதும் பூத்துப்போச்சுன்னா எனக்க மவ பின்ன எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டா."

அவர் தன் கன்னத்தையே நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பூஞ்சை பிடித்த அந்தப் பழத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

இங்கேதான் நான் நுழைந்தேன். நாற்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன். கன்னமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம், எடையைப் பாருங்கள் என்றேன். ஈரம் போகப் போக எடை குறையும். மணிக்கொரு தடவை நிறுப்போம். அடுத்தடுத்து மூன்று தடவை ஒரே எடை நின்றால், வெளியே போவதற்கு இனி ஈரம் இல்லை என்று பொருள். நர்ஸம்மாவின் முகம் தெளிந்தது. மூன்று வேளை காய்ச்சல் இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் செய்வது மாதிரி என்றார். அதேதான் என்றேன். என் மகன் வாங்கித் தந்திருந்த சமையலறைத் தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சுளைகளைக் கொட்டை நீக்கி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து ஒரே அளவாக நறுக்கினோம். நூற்றைம்பது துண்டுகள், மொத்தம் இரண்டு கிலோ நானூறு கிராம். துண்டு பதினாறு கிராம். திருகை நாற்பத்தாறில் நிறுத்தி, அது நகராமல் இருக்க நர்ஸம்மா ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டினார்.

ராத்திரி முழுக்கப் பெட்டி ஓடியது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் எடை. சரியாக அறுநூறு கிராம். ஏழு மணிக்கு ஐந்நூற்று எண்பத்தெட்டு. எட்டு மணிக்கு ஐந்நூற்று எழுபத்தாறு. ஒன்பதுக்கு ஐந்நூற்று அறுபத்துநாலு. மணிக்குப் பன்னிரண்டு கிராம், கூடாமல் குறையாமல். என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான கணக்கை நான் கண்டதில்லை. நோட்டில் வரைபடம் போட்டேன். கோடு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இறங்கியது. நர்ஸம்மாவிடம் காட்டினேன்.

"பாத்தீரா சாரே, நான் அப்பளே சொல்லேல்லியா? ஈரம் போயிட்டே கெடக்கு."

ஒப்புக்கொண்டேன். முதல் தடவையாக அவர் சொன்னதை எண்களோடு ஒப்புக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு நானூற்று ஐம்பத்தாறு. இன்னும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனேன். பசி இல்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானூற்றுப் பதினாறு. பன்னிரண்டு மணி நேரத்தில் நாற்பது கிராம்தான் போயிருந்தது. இரவில் காற்றில் குளிர்ச்சி அதிகம், அதனால் ஈரம் மெதுவாக வெளியேறும் என்று விளக்கினேன். நோட்டிலும் எழுதினேன். ஏழு மணிக்கு நானூற்று நாலு. எட்டு மணிக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மறுபடி பன்னிரண்டு, பன்னிரண்டு. நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குக் கார். இந்த வேகத்தில் எப்போதுதான் நிற்கும் என்று கேட்டார். நான் கோட்டை நீட்டிப் பார்த்தேன். திங்கள் மாலை அஞ்சு மணி வாக்கில் எடை பூஜ்யம் ஆகும் என்று வந்தது. அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட வந்த மனைவி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வழக்கம்போல ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனேன்.

"அது என்ன கையில?"

சோதனை என்றேன். ஒவ்வொரு நிறுவைக்குப் பிறகும் ஒடிகிறதா, வளைகிறதா என்று பார்க்க வேண்டுமே. நர்ஸம்மா கன்னத்துக்கு ஒன்று, ஒடித்துப் பார்க்க ஒன்று எடுப்பார். நான் ஒன்று எடுப்பேன். தொட்ட துண்டைத் திரும்பத் தட்டில் வைக்க நர்ஸம்மா விட மாட்டார், முப்பத்தொரு வருஷ ஆஸ்பத்திரிச் சுத்தம். வீணாக்காமல் வாயில் போட்டுக்கொள்வோம்.

"மொத்தம் எத்தன துண்டு வச்சிய?"

"நூற்றைம்பது."

"இப்பம் எண்ணுங்க."

எண்ணினேன். கையிலிருந்ததையும் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றெட்டுதான். ஐம்பத்திரண்டு துண்டுகள் இல்லை. ஒரு காய்ந்த துண்டு நாலு கிராம். ஐம்பத்திரண்டை நாலால் பெருக்கினால் இருநூற்றெட்டு. அறுநூறிலிருந்து இருநூற்றெட்டைக் கழித்தால் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒரு கிராம் அங்கே இங்கே இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் தடவை தராசில் வைக்கும்போதே சக்கை காய்ந்து முடிந்திருந்தது. இருபத்தாறு மணி நேரமாக எங்கள் வயிற்றுக்குள் போனதை நாங்கள் ஈரம் என்று வரைபடம் போட்டிருக்கிறோம்.

என் கணக்கில் பதினைந்து துண்டு. நர்ஸம்மாவுக்கு முப்பதுதானே வருகிறது, மீதி ஏழு எங்கே என்றேன். அவர் தரையைப் பார்த்தார். ராத்திரி பயத்தில் எழுந்து எழுந்து பார்த்தாராம். நோட்டில் இரவுக் குளிர்ச்சி பற்றி நான் எழுதியிருந்த வரியை யாருக்கும் தெரியாமல் அடித்தேன்.

"நேத்து ராத்திரி சோறு வேண்டாம்னு படுத்தப்பவே நெனச்சேன்" என்றாள் என் மனைவி. "பூஜ்யம் ஆவுமாம். நீங்க ரெண்டு பேரும் இருந்தா ஆவும்."

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கையில். துண்டுகளை உறையில் போட்டு, மெழுகுவத்திச் சூட்டில் வாயை ஒட்டி, தன் பைபிள் பைக்குள் வைத்துக்கொண்டாள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது நர்ஸம்மாவின் கை இரண்டு தடவை அந்தப் பையை நோக்கிப் போனது. இரண்டு தடவையும் என் மனைவி தட்டிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கார் நின்றது. உறையை நர்ஸம்மாவிடம் கொடுத்து, நீங்களே உங்கள் கையால் கொடுங்கள் என்றாள். கொடுக்கப் போன கை பாதியில் நின்று கன்னத்துக்குப் போயிற்று. கார் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தோவாளைப் பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, குடுங்க ஆன்ட்டி என்று ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டாள். கார் போன திசையில் அவர் ஆறு நிமிடம் நின்றார். அழவில்லை. வெறும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

மகளிடமிருந்து எட்டு நாள் போன் இல்லை. எங்கள் வீட்டுக்கு வருவார், உட்காருவார், போனை மடியில் வைத்துக்கொள்வார். அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்து, வாரக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நான் நாள் எண்ணிச் சொன்னேன். சொன்னதில் அவருக்குப் பயம்தான் கூடியது. அந்த வாரம் முழுக்க அவர் துணி துவைக்கவில்லை. எங்கள் துணிகளையும் கன்னத்தில் வைக்கவில்லை. என் மனைவி ஒருநாள் ஈரத் துண்டு ஒன்றை வேண்டுமென்றே அவர் முன்னால் போட்டுப் பார்த்தாள். அப்போதும் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவர் வீட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஓடிவந்தார், அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"பல்லுல கடிபடேல்லியாம் சாரே. மொத நாளு தண்ணியில ஊறப்போட்டுதான் தின்னாளாம்." மூச்சு வாங்கினார். "பின்ன ஊறப்போடாமலே, வாயில போட்டு வச்சிட்டே ஆபீசுக்குப் போறாளாம். அங்க உள்ளவியளுக்கும் குடுத்தாளாம்."

எத்தனை மணி நேரம் ஊறப்போட்டாள் என்று கேட்டேன். அதைக் கேட்கவில்லையாம். இதை ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அன்று முழுக்க உளைச்சல். நர்ஸம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த தடவை என்ன அனுப்புவாய் என்று மகள் கேட்டதை நாலு முறை, நாலு விதமாகச் சொல்லிக் காட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே படலைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பெரிய அன்னாசிப் பழம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, சட்டை மாட்டித் தயாராகிவிட்டேன்.

"தராசு தாருங்க சாரே."

கொண்டுவந்து கொடுத்தேன். செருப்பைப் போடக் காலை நீட்டினேன்.

"நீங்க வேண்டாம். அக்கா மட்டும் வரட்டு. அக்காவுக்கு எண்ணத் தெரியும்."

என் மனைவி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். நான் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து அவர்கள் அடுப்படி நன்றாகத் தெரியும். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு முதல் நிறுவை. பன்னிரண்டுக்கு இரண்டாவது. இரண்டாவது நிறுவை முடிந்ததும் இருவரும் தராசைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இருவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா இரண்டு துண்டு. என் மனைவி நாலு.